விற்பனைக்கு ஒரு சொகுசுக் கார்

ஆரையம்பதியில் ஒரு வீட்டில் பழைய சொகுசுக் கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நரைத்த மீசையுடன் உயரமான மனிதர் ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் அடிப்பகுதிக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். வாவிக் காற்றின் உப்பில் இரும்பு கறள் பிடிக்குமாம். அதனால் தினமும் கழுவுவாராம்.

“ஏசி வேலை செய்யாது தம்பி. மழைக்குப் பின்கதவால ஒழுகும். சாமான் கொழும்பிலயும் கிடைக்காது,” என்றார், நான் எதுவும் கேட்கும் முன்பே.

“இப்பிடிச் சொன்னா ஆர் ஐயா வாங்குவாங்க?”

“ஒருத்தரும் வாங்கல்லதான்.” முகத்தில் கவலையே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “மனிசிதான் விக்கச் சொல்றா.”

புறப்படும்போதுதான் கவனித்தேன். காரின் முகப்பு வீதியைப் பார்த்திருந்தது. ‘விற்பனைக்கு’ என்ற பலகையோ பின்கண்ணாடியில் இருந்தது. அதை அவர் மனைவி சமைக்கும் குசினி யன்னலில் நின்றால் மட்டும்தான் வாசிக்கலாம்.