கூடத்தை அடைத்த கனோ

எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம் பதினெட்டு அடி. அதில் பதினைந்தரை அடியை ஏழு மாதங்கள் ஒரு படகு அடைத்துக் கிடந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு வெளிநாட்டு மாலுமி பழைய பத்திரிகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கனோ என்னும் ஒல்லியான துடுப்புப் படகு கட்டும் முறை அதில் படத்தோடு இருந்தது. தேவதாருப் பலகையைக் கால் அங்குலக் கனத்தில் கீற்றுகளாக அறுத்து, வரிசையாக நிறுத்திய அச்சுகளின் மேல் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு கீற்று. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த அக்கா பிடித்துக்கொள்வாள், அப்பா ஒட்டுவார், நான் எண்ணி நோட்டில் எழுதுவேன். சோற்றில் மரத்தூள், பாயில் மரத்தூள், ஜெபமாலையிலும் மரத்தூள்.

வள்ளத்தில் கடலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். “ஏலே, இது மீன் பிடிக்கவா, மீனுக்குத் தீனி போடவா?”

படகு முடியும் நேரத்தில் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, அக்காவுக்கு வரன் கொண்டுவந்தார். ஆலந்தலைக்காரர்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, ஒரு மாத லீவு. அவர் திரும்புவதற்குள் பேசி முடிக்க வேண்டும், பெண் படித்தது போதும் என்றார் மாமா. அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

அப்பா மாமாவிடம் எதையும் எதிர்த்துச் சொன்னதில்லை. “பசை காயட்டும் மச்சான், கூடம் ஒழியட்டும்” என்றார். அடுத்த வாரம் தேய்க்க வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம் வார்னிஷ். வார்னிஷ் மேல் இன்னொரு வார்னிஷ்.

நான்காம் முறை வந்த மாமா பொறுமையிழந்தார். “இன்னும் ஒரு வாரந்தான் லீவு. பொண்ணு பாக்க வாரவங்கள படகுக்குள்ளயா உக்கார வைக்க, மாப்ள?”

“வெளிய தூக்கிப் போடச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ” என்றாள் அம்மா.

“வாசல்ல நுழையாது. செவுத்தத்தான் இடிக்கணும். யோசிப்போம்” என்றார் அப்பா.

தப்புக் கணக்கைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. நோட்டை எடுத்துவந்து படித்தேன். கனோவின் அகலம் முப்பத்து நான்கு அங்குலம், கதவு முப்பத்தெட்டு. நம்பாதவர்களுக்காக டேப்பை வைத்து அளந்தும் காட்டினேன்.

“ஏளா, ஒன்ன இப்ப யாரு அளக்கச் சொன்னா?” அப்பா கத்தினார். அவர் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மாமா ஒரு முனையையும் அண்ணாச்சி மறுமுனையையும் பிடித்துத் தூக்க, ஐந்து நிமிடத்தில் கனோ தெருவில் கிடந்தது. கதவில் கீறல்கூட விழவில்லை. அம்மா கூடத்தை இரண்டு முறை கழுவினாள். இந்த வீட்டில் உருப்படியாக யோசிப்பது சின்னவள் ஒருத்திதான் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆலந்தலைக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது நாற்காலிகள் போட்டும் கூடத்தில் தாராளமாக இடம் இருந்தது. பட்டுச்சேலையில் தட்டோடு வந்த அக்கா எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மா என்னைப் புகழ்ந்ததில் அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.