தண்ணீர் அவளுக்கு, ஒயர் அவனுக்கு

வலது கையில் கேஸ் டார்ச், இடது கையில் ஈயக் கம்பி. தீயின் நீல நுனி ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டி விளிம்போடு மெல்ல நகர, கம்பி அதன் பின்னாலேயே போனது. அவசரப்பட்டால் ஈயம் உருண்டை உருண்டையாகத் தரையில் விழும். சற்றே தாமதித்தால் தகடு நெளிந்துவிடும். ஈயம் பளபளத்து, இளகி, மூட்டுக்குள் தானே இழுபட்டு மறைந்ததும்தான் கைகள் ஒரு விரற்கடை முன்னேறின.

"அண்ணே, உள்ள நடக்கிறது வண்டி வேலையா, நகை வேலையா? ஒரு மூட்டுக்கே பொழுது போயிடும்போல."

ஷெட்டின் மறுகோடியிலிருந்து வந்தது குரல். வாசலில் பழைய கார் சீட்டில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "என்கிட்ட ஏன்டா கேக்குற? அவ காதுல விழத்தானே செய்யுது."

கைகள் நிற்கவில்லை. டார்ச்சுக்குரியவள் மூட்டின் கடைசி முனையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏங்க, உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க. நகைன்னா ஒழுகினாலும் யாரும் நடுரோட்டுல நிக்கமாட்டாங்க."

இப்படித்தான் அந்த ஷெட்டில் பேச்சு நடந்தது. ஊரார் அவளை ரேடியேட்டர்க்கா என்பார்கள். கொழுந்தன் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இருவரும் பத்தடி இடைவெளியில் நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். பேசுவதென்றால் இருவருமே நடுவில் இருப்பவரிடம்தான் பேசுவார்கள்.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. வேலை முதலில் புருஷனுடையது. ஒருநாள் சூடு ஆறுவதற்குள் ஒரு ரேடியேட்டர் மூடியைத் திருகப்போய், கொதிநீர் அவர் முகத்தில் அடித்தது. அதற்குப்பின் அவருக்கு ஆள் உருவம் தெரியும், ஈயம் ஓடுவது தெரியாது. அதுவரை தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் ஒழுக்குப் பார்க்க ரேடியேட்டரைத் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பதுமாக இருந்தவள் டார்ச்சைக் கையில் எடுத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. காயலான் கடையிலிருந்து செத்துப்போன ரேடியேட்டர்களை வாங்கிவந்து ரம்பத்தால் அறுத்து, எந்தக் குழாய் எங்கே அடைக்கிறது, எந்த மூட்டு ஏன் விடுகிறது என்று பார்த்தாள். கையைச் சுட்டுக்கொண்டாள். குழாய் வரிசைகள் அடங்கிய நல்ல கோர் இரண்டைப் பாழாக்கினாள். மூன்றாவது ஒழுகவில்லை.

கொழுந்தனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போன ஷெட் அது. அண்ணனுக்குக் கண் போனதும் முழு ஷெட்டும் தன் கைக்கு வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். வாசல் பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரிகல்' என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதியும் விட்டான். மறுநாள் காலையில் அதன் அடியில் மிச்சமிருந்த நாலு விரல் இடத்தில் 'ரேடியேட்டர்' என்ற சொல் முளைத்திருந்தது.

பேச்சு நின்றது ஒரு லாரியால். அவள் பற்றவைக்கும்போது தீ எட்டி ஹாரன் ஒயர் கருகிவிட்டது. நாலு கஸ்டமர் நிற்கும்போது அவன் சொன்னான்: "அண்ணனுக்குத்தான் கண்ணு போச்சு, அண்ணிக்குமா?" அன்றிலிருந்து அவள் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் விடாமல், தண்ணீர் ஓடுவது எல்லாம் அண்ணியுடையது, மின்சாரம் ஓடுவது எல்லாம் தன்னுடையது, ஒருத்தர் பொருளை ஒருத்தர் தொடக்கூடாது என்று அண்ணன் மூலமாகச் சட்டம் போட்டான். பானெட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு நாடுகள்.

இந்தச் சட்டத்துக்குள்தான் டிரைவிங் டீச்சரின் கார் வந்து நின்றது.

பெட்டி மாதிரி ஒரு பழைய கார். அதில் படிக்கிறவர்களைவிட அதற்கு வயது அதிகம். கற்றுக்கொள்கிறவர்கள் நாளெல்லாம் முதல் கியரிலேயே மைதானத்தைச் சுற்றுவார்கள், நடுவில் நின்று அணைப்பார்கள், மறுபடி கிளப்புவார்கள். ஓடுகிற வண்டிக்குக் கிடைக்கும் எதிர்காற்று அதற்குக் கிடைப்பதே இல்லை. லைசென்ஸ் தேர்வு நடக்கும்போதே இரண்டு முறை கொதித்து ஆவி கக்கியிருந்தது.

"இன்னொரு தடவ இது பொங்கினா வண்டியையே பட்டியல்லேர்ந்து எடுத்துருவேன்னு ஆபீசர் சொல்லிட்டார்," என்றார் டீச்சர். "நான் வச்சிருக்கிறதே ஒரு வண்டி. நல்லாப் பாத்துச் செய்ங்க. சும்மா பூசி மெழுகி அனுப்பினா நேரா இங்கயே கொண்டாந்து நிறுத்துவேன்."

கொழுந்தன் இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முந்தின மாதம்தான் அவள் வேலை பார்த்த இரண்டு வண்டிகள் கொதித்துத் திரும்பி வந்திருந்தன. உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியது உரிமையாளர்களின் தப்பு. ஆனால் திரும்பி வந்தது என்னவோ அவள் மூலைக்கு.

"அண்ணே, கடைசியாச் சொல்றேன். இந்த வண்டியும் திரும்பி வந்தா அண்ணி மூலையைக் காலி பண்ணிடணும். கார் ஏ.சி. பாக்குறவன் ஒருத்தன் இடம் கேட்டுக்கிட்டே இருக்கான். ஷெட்டு பேரையும் நான் பாக்கணும்ல?"

அண்ணன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "சரிடா," என்றார்.

கொழுந்தன் கேட்டதைவிட அந்தச் 'சரிடா'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று அவருக்குச் சோறு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாகவே தரையில் பட்டது.

வேலையில் அவள் குறை வைக்கவில்லை. இரண்டு வரிசைக் குழாய் இருந்த கோரை எடுத்துவிட்டு நான்கு வரிசைக் கோர் வைத்தாள். பழைய பித்தளைத் தொட்டிகளை மினுங்கும்வரை சுரண்டி அதிலேயே பற்றவைத்தாள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறி, இன்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். மைதானத்தில் ஊர்கிற வண்டிக்கு அது ஆகாது. அதைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி வைத்தாள். காற்று சந்துபொந்தில் சிந்தாமலிருக்கத் தகரத்தில் கூடு வெட்டி விசிறியைச் சுற்றிப் பொருத்தினாள்.

சூடேறினால் தானே திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. முன்பு எவரோ கழற்றி எறிந்திருக்கிறார்.

"நானும் அப்படித்தான் செய்வேன்," என்றார் புருஷன். "வால்வ வீசிட்டாத் தண்ணி தாராளமா ஓடும். தொழில்ல எல்லாரும் செய்றதுதானே?"

"எல்லாரும் செஞ்சதாலதான் எல்லா வண்டியும் திரும்பி வந்துச்சு. இந்த இன்ஜின்ல வால்வு திறக்கும்போது அதோட அடித்தட்டு கீழ இருக்கிற குறுக்குவழிய அடைக்கும். வால்வே இல்லன்னா பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே வராம அந்த வழியா இன்ஜினுக்கே திரும்பிடும். சுட்ட தண்ணியே சுத்திச் சுத்தி வரும்."

கொஞ்சம் சீக்கிரமே திறக்கும் புது வால்வைப் பொருத்தினாள். கூலன்ட் ஊற்றி, குழாய்களை அமுக்கி அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினாள். தன் பங்கு முடிந்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். விசிறியிலிருந்து தொங்கிய இரண்டு ஒயர்கள் அடுத்த நாட்டுக்குச் சொந்தம்.

கொழுந்தன் வந்தான். ரிலே வைத்தான், ஃபியூஸ் வைத்தான், ஒயர்களை நிறம் பார்த்து இணைத்தான், டேப் சுற்றினான். சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. அவன் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை.

வண்டியை எடுக்க டீச்சர் வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. முற்றத்தில் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டார்கள். விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூட்டு முள் நடுவுக்கு வந்தது. நிற்கவில்லை. நடுவைத் தாண்டி மேலே ஏறியது.

"ஆஃப் பண்ணுங்க டீச்சர்," என்றான் கொழுந்தன். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை அவனால் ஒளிக்க முடியவில்லை. "ஃபேன் சூப்பரா ஓடுது, காதுலயே கேக்குது. தண்ணிதான் ஓடல. ரேடியேட்டர்ல கோளாறு. அண்ணே, நீயே சொல்லிடு. நாளைக்கே மூலையை ஒழிக்கச் சொல்லு."

"இன்னும் வெளியவே போகலையே, அதுக்குள்ளயா?" டீச்சர் கதவை அறைந்து சாத்தினார். "இதுக்கா இத்தனை நாளு வண்டிய வாங்கி வச்சீங்க?"

வாசல் சீட்டில் புருஷன் ரேடியோவை அணைத்தார்.

அவளுக்குத் தன் கைமேல் சந்தேகம் வரவில்லை. அடைப்பில்லை, ஒழுக்கில்லை, மேல் குழாயும் கீழ்க் குழாயும் சுடுகின்றன, ஆக வால்வு திறந்திருக்கிறது. "ஒரு தடவ மறுபடி கிளப்புங்க," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வண்டியின் மூக்குக்கு நேராகப் போய் நின்றாள். முழங்காலில் அனல் அடித்தது.

முன்பக்கம் நிற்பவர் மேல் அனல் அடிக்கக்கூடாது. விசிறி முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இடுப்பில் செருகியிருந்த அழுக்குத் துணியை எடுத்து கிரில்லின் முன் பிடித்தாள். ஒட்டிக்கொள்ள வேண்டிய துணி படபடத்துக்கொண்டு அவள் முகத்துக்கே பறந்து வந்தது. இன்ஜினின் சூடு முழுவதையும் விசிறி அள்ளி அள்ளி ரேடியேட்டருக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

காரணமும் உடனே புரிந்தது. அது ரேடியேட்டருக்கு முன்னால் நின்று பின்னோக்கித் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட விசிறி. காயலான் கடையில் மோட்டாரின் பலத்தை மட்டும் பார்த்து வாங்கி, ரேடியேட்டரைப் பார்க்கத் திருப்பிப் பின்னால் மாட்டியவள் அவள். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல் நிறத்துக்கு நிறம் கொடுத்தவன் அவன். 'காத்து எந்தப் பக்கம்?' என்று ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். அவளே மாற்றலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் அவள் விரல் அந்த டேப்பில் பட்டால், கெடுத்ததே அவள்தான் என்று ஆகிவிடும். அவள் அவன் பக்கம் திரும்பினாள். நடுவில் யாரையும் வைக்காமல், நேராக.

"தம்பி, இங்க வா. இந்தத் துணியப் பிடி."

அவன் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியாது. நீ பிடி."

டீச்சர் நிற்கிறாரே என்று பிடித்தான். துணி அவன் மூக்கில் அறைந்தது. அவன் முகம் சிறுத்துப்போனது. "ஃபேன் வாங்கினது நீங்கதானே? தள்ளுற ஃபேனை வாங்கிப் பின்னால மாட்டினா நான் என்ன பண்றது?"

"மாட்டினது என் தப்பு. ஒத்துக்கிறேன். ஓடவிட்டுப் பாக்காம டேப்பு சுத்தினது யாரு தப்பு?"

"நீங்க சொல்லணும்!"

"நீ கேக்கணும்!"

"நிறுத்துறீங்களா?" என்று கத்தினார் டீச்சர். "உங்க வீட்டுச் சண்டைய என் வண்டிக்குள்ளயா வச்சுப் பூட்டுவீங்க? ஆபீசர் முன்னால நிக்கப்போறது நானு!"

கொழுந்தன் ஒயரை வெடுக்கென்று பிடுங்கி மாற்றிச் செருகினான். இப்போது துணி கிரில்லில் ஒட்டியது; ஆனால் ஒரு கணம் நின்றுவிட்டு வழுக்கி விழுந்தது.

"போதும். காத்து சரியாப் போகுதுல்ல?"

"போதாது. இறக்கை இப்ப குழிவக் காட்டாம முதுகைக் காட்டிக்கிட்டுச் சுத்துது. கரண்டியக் கவுத்துப் பிடிச்சு அள்ளுற மாதிரி. இறக்கையையும் திருப்பி மாட்டணும்."

"அப்ப மாட்டுங்க. அது என் வேலை இல்ல."

"மோட்டார் உன்னோடதுதானே? அதுல இருக்கிற இறக்கை யாரோடது?"

வாசல் சீட்டிலிருந்து அன்று முதன்முறையாகக் குரல் வந்தது. "அது காத்து. ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல. யாராவது ஒருத்தர் மாட்டித் தொலைங்க."

டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவன் மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவள் நட்டைக் கழற்றி இறக்கையைத் திருப்பி மாட்டினாள். இரண்டு தலைகளும் அத்தனை நெருக்கமாகக் குனிந்திருந்தும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படாதபடி முகங்கள் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருந்தன. "இறுக்கமா பிடி." "பிடிச்சுத்தான் இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு.

இந்த முறை துணி கிரில்லில் பசைபோட்டதுபோல ஒட்டியது. பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. ஏ.சி.யோடு, முற்றத்தின் வெயிலில், வண்டி நின்ற இடத்திலேயே ஓடியது. முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. டீச்சர் உட்கார்ந்து, கற்றுக்குட்டி மாதிரியே முதல் கியரில் தெருவை இரண்டு சுற்று ஊர்ந்துவிட்டு வந்தார். அப்போதும் முள் அதே இடத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றே இன்ஜினை ஐந்தாறு முறை அணைத்து அணைத்துக் கிளப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தியாண்ணே, ஒயர மாத்தினதும் சரியாயிடுச்சு," என்றான் கொழுந்தன், டீச்சர் காதில் விழும்படி. "எல்லாம் கரண்டுலதான் இருக்கு."

அவள் பானெட்டைச் சாத்தினாள். குனிந்து வண்டிக்கடியில் ஒருமுறை பார்த்தாள், தரை காய்ந்திருந்தது. பிறகு அவனிடம் சொன்னாள்.

"ஏ.சி.காரன்கிட்டச் சொல்லிடு தம்பி. மூலை காலியில்லன்னு."

அவன் தன் டெஸ்டர் விளக்கை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனான். "இந்தத் தடவ தப்பிச்சீங்க அண்ணி," என்றான் போகிற போக்கில்.

அதை அவன் அண்ணனிடம் சொல்லவில்லை. அவளிடமே சொன்னான்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேர்ல நான் யாருக்கு நன்றி சொல்றது?"

"யாருக்கும் வேணாம். பைப்புத் தண்ணி ஊத்தாதீங்க, சூடா இருக்கும்போது மூடியத் தொடாதீங்க." அவள் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை உருவி, அதன் பிடியைத் தன் துணியால் ஒருமுறை துடைத்து, டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க."