தாழம்பூ ரேக்கு போட்ட கார்

அப்பாதுரையைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் வீட்டுச் சுவரில் பாதி என்னுடையது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டை நடுவில் மறித்து இரண்டு குடித்தனமாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் வடிவாம்பாளாகிய நான், என் வீட்டுக்காரர், ஒரு தறி, ஐந்து பிள்ளைகள். அந்தப் பக்கம் அப்பாதுரையும் அவர் மனைவி அம்சாவும் மட்டும். அவர்கள் மிளகாய் தாளித்தால் நாங்கள் இருமுவோம். நாங்கள் சண்டை போட்டால் அவர்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அவர் மாகறல்காரர். ஏர் ஓட்டுகிற குடும்பம். இவர் மட்டும் லாரியில் கிளீனராகப் போய், லைசென்ஸ் வாங்கி, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்கு டிரைவராக வந்து சேர்ந்தார். வெள்ளை அம்பாசிடர். சில நாள் அதைத் தெருக்கோடியில் கொண்டுவந்து நிறுத்திக் கழுவுவார். கோயில் சிலைக்குக்கூட அப்படி அபிஷேகம் நடக்காது. அந்தக் காரில் அம்சா ஒருநாளும் ஏறியதில்லை. முதலாளி ஏற்றிக்கொள் என்று சொல்லவில்லை, இவரும் கேட்கிற ஆள் இல்லை. வாயில்லாப் பூச்சி.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்சா குழாயடிக்குப் போனால் ஒருத்தி மருந்து சொல்வாள், ஒருத்தி கோயில் சொல்வாள். எனக்கு ஐந்து என்பதால் என்னை மகராசி என்பார்கள். ஐந்து பேருக்கும் பேன் பார்த்து, மூக்குச் சிந்தி, தறியிலும் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும் அந்த மகராசிப் பட்டத்தின் சுகம். அம்சா எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டாள். ‘சரிக்கா’ என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதாம் வருஷம் என்று நினைவு. முதலாளியைச் சென்னைக்கு அழைத்துப்போன அப்பாதுரை, அவர் வேலை முடிகிறவரை பாரிமுனைப் பக்கம் சுற்றியிருக்கிறார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே புதிதாகக் கடை போட்டிருந்த சமயம். கப்பல்காரர்கள் தள்ளிவிட்டுப் போகிற சாமான்களுக்கு நடுவில் ஓர் அட்டைப் பெட்டி இருந்திருக்கிறது. மேலே ஒரு காரின் படம். பழைய காலத்து ஃபோர்டு கார்தான், ஆனால் கூரை தாழ்ந்து, பானெட் இல்லாமல், எஞ்சின் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே பார்த்தால் கார் இல்லை. எல்லாம் துண்டு துண்டான பிளாஸ்டிக். வாங்கியவர் தானே ஒட்டிச் செய்துகொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்களிடம் அதை விளக்கினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

“அமெரிக்காவுல பசங்க பழைய காரை வாங்கி, கூரையை அறுத்து எறக்கி, பெரிய எஞ்சினா மாட்டிக்கினு ஓட்றாங்களாம்கா. ஹாட் ராட்னு பேரு. கடைக்காரர் சொன்னாரு.”

“நல்லா இருக்கிற காரை எதுக்குபா அறுக்கணும்?”

“கம்பெனி குடுத்த மாதிரியே வச்சிருந்தா அது கம்பெனி காரு. அறுத்துச் சேத்தாத்தான் இவன் காரு,” என்றார்.

என் வீட்டுக்காரர் பெரிதாகத் தலையாட்டினார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

பெட்டியிலிருந்த பசைக் குழாய் காய்ந்து கிடந்தது. பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற ஷெட்டிலிருந்து தின்னர் வாங்கிவந்து, மிச்சம் மீதி பிளாஸ்டிக்கை அதில் கரைத்து அவரே பசை செய்தார். அந்த நாற்றம் சுவர் ஏறி என் வீட்டுக்குள் இறங்கியது. “அப்பாதுரை! முகூர்த்தப் பொடவை நெய்துக்கினு இருக்கேன். பொண்ணு மணையில பெயின்ட் வாசனையோட ஒக்காரணுமா?” என்று கத்தினேன். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்த புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டு அங்கம்மாளுக்கு வேறென்ன வேண்டும்? “யாருக்குபா காரு?” என்று கேட்டாள்.

“சும்மாதான்மா.”

“சும்மா யாராச்சும் பொம்மை செய்வாங்களா? தொட்டில் கட்டி வேண்டிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், காரு கட்றவனை இப்பத்தான் பாக்கறேன்.”

அன்றிலிருந்து தெருவுக்கு அது வேண்டுதல் கார் ஆகிவிட்டது. பிள்ளை இல்லாதவன் பொம்மைக் கார் செய்தால் வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? பார்க்கிறவர்கள் எல்லாம் ‘ஐயோ பாவம்’ என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அம்சா அந்தக் காரின் பக்கமே திரும்பவில்லை.

பசை வழிந்து, ஒரு சக்கரம் சுற்றாமல், எப்படியோ கார் முடிந்து அலமாரியில் ஏறியது. கொஞ்ச நாளில் மாகறலிலிருந்து அவர் அக்கா தேவகி தன் மகன் பழனியோடு வந்தாள். சின்ன வயதிலேயே தாயை இழந்த அப்பாதுரையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஒவ்வொரு அறுப்புக்கும் அவள் வீட்டிலிருந்துதான் இவர்களுக்கு அரிசி மூட்டை வரும். பழனி அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். குழந்தை ஆசைப்பட்ட பொருளை இல்லை என்று சொல்லக்கூடாது. பெற்றவள் சொல்லலாம், நான் என் பிள்ளைகளிடம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். பிள்ளை இல்லாதவள் சொன்னால் கதையே வேறு. குழந்தைமேல் கண் வைத்துவிட்டாள் என்பார்கள். இந்தக் குணத்துக்குத்தான் சாமி கொடுக்கவில்லை என்பார்கள். அதனால் அம்சா யாரையும் கேட்காமல் காரை எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டாள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுவரை போன அப்பாதுரை, உடைந்து விழுந்த ஒரு சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

“கொழந்தைதானே,” என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் என் தறிக்கு நூல் சுற்ற வந்தவள், ராட்டையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். “புள்ளைக்காகத்தான் செய்றாருன்னு ஊரு சொன்னதை நானும் நம்பிட்டேன்கா. அவரு காரு மேல ஆசைப்பட்டு செஞ்சிருக்காரு. அவ்ளோதான். அது எனக்கே தெரியல பாரு,” என்றாள்.

அதே மாதிரி இன்னொரு பெட்டி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சென்னைக்குப் போகும்போதெல்லாம் அப்பாதுரை கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறார். இந்த முறை பெட்டியில் வந்த கூரையை இன்னும் தாழ, நிஜமாகவே அறுத்து இறக்கப் போகிறேன் என்றார். கோணலாகப் போனால் ஒட்டவைக்க முடியாது, வேறு பெட்டிக்கும் வழியில்லை. புங்கமரத்தடியில் ஹாக்ஸா பிளேடைக் கூரையில் வைப்பதும் எடுப்பதுமாக உட்கார்ந்திருந்தார். அம்சா போய் எதிரே உட்கார்ந்து, அந்தச் சின்னக் காரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“அசையாமப் புடிச்சிக்கோமா.”

“நீ மொதல்ல அசையாம அறு,” என்றாள்.

அப்புறம் புங்கமரத்தடியில் எப்போதும் இரண்டு பேர். எஞ்சினில் எட்டுப் பிளக்குக்கும் ஒயர் போக வேண்டும், பெட்டியில் ஒயர் இல்லை என்று அவர் சொல்ல, சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து இழை இழையாக இவள் வைத்து ஒட்டினாள். சீட்டுக்கு என் வீட்டு ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு. கறுப்பு அடிக்கலாம் என்றார் அவர். அரக்குதான் என்றாள் இவள். “பொணத்துக்கா வண்டி செய்றே?” என்று ஒரே போடு போட்டாள், அரக்கு வென்றது. கொசுவுக்கு மருந்து அடிக்கிற பம்பில் பெயின்டை ஊற்றி அடித்தார்கள். முதல் தடவை வழிந்து கண்ணீர் விட்டது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார்கள்.

பெட்டியோடு வந்த நெருப்பு ஜுவாலை ஸ்டிக்கர்கள் மஞ்சளாகிப் பொடிந்து போயிருந்தன. அப்பாதுரை கன்னத்தில் கைவைத்துவிட்டார். அம்சா என் தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையின் கரையைச் சுட்டிக் காட்டினாள். தாழம்பூ மடல் மாதிரி வரிசையாகக் கூர் கூராக ஏறி நிற்கிற தாழம்பூ ரேக்கு. “இதுவும் எரியற மாதிரிதானே இருக்குது?” என்றாள். சரிகை இழையை வெட்டி வெட்டி, காரின் இரண்டு பக்கத்திலும் அந்த ரேக்கை ஒட்டினாள். கண் வலிக்க வலிக்க உட்கார்ந்தாள். முடித்து வைத்தபோது முகூர்த்தச் சேலை கட்டிக்கொண்ட கார் என்று நான் கேலி செய்தேன். ஆனால் தறியை விட்டுவிட்டு இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். அவ்வளவு அழகு. அத்தனை வருஷமாக அந்தச் சுவருக்குப் பின்னால் நான் கேட்காத சத்தம் ஒன்று அந்த மாதங்களில் கேட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மாள் வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “ரெண்டு பேரு ஒக்காரத்தான் எடம் இருக்குது. பின்சீட்டே இல்லியே, புள்ளையை எங்க ஒக்கார வைப்பே?” அம்சா கீழே சிந்திய சரிகைத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வைகாசி வந்தது. கருட சேவை பார்க்க ஊர் ஊராகச் சொந்தங்கள் வந்து இறங்கின. விடியற்காலையில் சேவை பார்த்துவிட்டு தேவகியும் பழனியும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் வளர்ந்திருந்தான், பிடிவாதமும் கூடவே வளர்ந்திருந்தது. அலமாரியைப் பார்த்தவன் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுக் கார் கார் என்று அழுது குதித்தான். சட்னி கொடுக்கப் போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“எடுத்துக் குடேன் துரை,” என்றாள் தேவகி.

அப்பாதுரை இட்லித் தட்டைப் பையன் பக்கமே நகர்த்தி வைத்தார். “அது ஒடைஞ்சிடும்க்கா. வேற எதுனா வாங்கித் தரேன் அவனுக்கு.”

“ஒடைஞ்சா ஒடையுது. நாளும் கிழமையுமா புள்ளைய அழ வெக்கிறியே. பூட்டி வச்சி யாருக்குடா குடுக்கப் போற?”

பழனிகூட அழுகையை நிறுத்திவிட்டான். தேவகி கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ஒரு பொம்மை, தம்பிக்குப் பிள்ளை இல்லை, தன் பிள்ளைக்கு வேண்டும், கணக்கு அவ்வளவுதான். அப்பாதுரை எழுந்தார். தூக்கி வளர்த்தவள் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. அலமாரியிலிருந்து காரை இரண்டு கையாலும் எடுத்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் சட்டைப் பையில் என்ன திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும், அம்சாவுக்கும் தெரியும்.

அம்சா குறுக்கே வந்து காரை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“குடுக்க மாட்டேன் அண்ணி,” என்றாள்.

காரைப் பிடித்திருந்த கை, கூரையை அறுத்தபோது பிடித்திருந்த மாதிரியே அசையாமல் இருந்தது.

தேவகிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு புள்ளையைப் பெத்திருந்தா இப்படிப் பேசுவியாடி?”

“பெத்திருந்தா அந்தப் புள்ளைக்கும் இதைக் குடுத்திருக்க மாட்டேன் அண்ணி. புள்ளைக்கு வேற பொம்மை வாங்கித் தந்திருப்பேன். இது நாங்க செஞ்சது. எங்களுக்குச் செஞ்சிக்கிட்டது.”

தேவகி தம்பியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவிடம் சொல்லாமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: “அவ சொல்றது சரிதான்க்கா.”

தேவகி பையனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வருஷம் அரிசி மூட்டை வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. அப்பாதுரை பொங்கலுக்குத் தனியாக மாகறலுக்குப் போய், வாசலிலேயே நின்றுவிட்டு வந்தாராம். அந்த வலி அவருக்குக் கடைசிவரை இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று அவர்கள் போனபிறகு நான் என் வீட்டுக்குள் வந்து தறியில் உட்கார்ந்தேன். கால் மிதிக்க மாட்டேன் என்றது, அழுகை அழுகையாக வந்தது. என் வீட்டில் ஐந்து பிள்ளை, புருஷன், தறி எல்லாம் இருந்தது. ‘இது எனக்கு’ என்று எடுத்து வைக்க ஒரு பொருளைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அம்சாவைப் பார்த்து அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் குழாயடியில் அங்கம்மாள் காத்திருந்தாள். சண்டை அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா? “இன்னாடி அம்சா, கொழந்தைக்கே குடுக்கலையாமே. அப்ப அந்தக் காரு யாருக்குத்தான்டி?”

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தெருக்கோடியில் முதலாளியின் அம்பாசிடரைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாதுரையும் நிமிர்ந்து பார்த்தார். அம்சா நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கும் அவருக்கும்,” என்றாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அன்றைக்கு அப்பாதுரை, ஏற்கெனவே காய்ந்துபோன கார்க் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டே நின்றார்.