அம்மா எண்ணிப் போட்ட மிளகாய்கள்

“பள்ளிக்கூடம் போனனான் எண்ட எடுப்பில, இல்லாத வருத்தத்துக்குத் தாயை இழுத்துக்கொண்டு திரியிறாய்.”

போன வருடம் மாசி மாதம், விசுவமடுவில் எங்கள் வீட்டுப் படலையில் நின்று அடுத்த வீட்டு மாமி சொன்னது இது.

மாமியைக் குறை சொல்லவும் முடியாது. அம்மாவின் வாய்க்குள் புண் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் ஒரு வருடமாக நாக்கு நெருப்பாய் எரிந்துகொண்டிருந்தது. மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்கிற அம்மா, உறைப்பே சேராத சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்து விழுங்கினார். இரத்தப் பரிசோதனைகளிலும் ஒன்றும் பிடிபடவில்லை.

எங்கள் குடும்பத்தில் படித்தது நான் மட்டும்தான். அந்தப் பெருமையோடு அம்மாவைக் கிளிநொச்சியில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் எதைக் கேட்டாலும் நானே பதில் சொன்னேன். எரிவுக்குப் பத்தில் எத்தனை புள்ளி என்றதற்கும் எட்டு என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, எரியிறது உங்கட வாயோ?”

எனக்கு முகம் செத்துப்போனது. அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“புள்ளி எனக்குத் தெரியாது, டொக்டர். விடியக் காலமை ரெண்டு செத்தல் மிளகாய் கடிச்ச மாதிரி. பின்னேரம் பத்துக் கடிச்ச மாதிரி.”

வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் குறைந்து மாலையில் கூடுவது, புண்ணே இல்லாமல் வாய் எரிகிற ஒரு நோய்க்கே உரிய குணமாம். பிழை நரம்பில், புண்ணில் அல்ல. நானோ இதை அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கிழமைக்கு ஒருமுறை அங்கே அம்மாவின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, நரம்பின் எரிவு தணிய நாக்கின் ஓரங்களில் சிவப்பு லேசர் வெளிச்சம் பிடித்தார்கள். சித்த வைத்தியசாலையில் தந்த கற்றாழைக் களியைப் பூசவும் வைத்தியர் சம்மதித்தார். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. பின்னேரங்களில் அம்மா அன்றைய எரிவுக்கு ஏற்பக் காய்ந்த செத்தல் மிளகாயை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போடுவார். நான் எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். பத்து, பத்து, ஒன்பது, திரும்பவும் பத்து.

மூன்றாம் மாதம் ஒருநாள் சிரட்டையில் இரண்டுதான் கிடந்தன. நான் எழுதி முடிக்க முன்னமே அம்மா அந்த இரண்டையும் எடுத்து உரலில் போட்டுச் சம்பல் இடித்துவிட்டார். மாமிக்கும் ஒரு கிண்ணம் போனது. உறைப்புக் காணாது என்று மாமி குறை சொன்னார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மாவுக்காகப் பேசத்தான் படித்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் பேசுவதைக் கேட்கவும் படிப்பு வேண்டியிருந்தது. போன கிழமை பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்கான நேர்முகத்துக்குப் போனேன். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார்கள். மிளகாய்க் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.