சுஜாதா வீட்டு டர்ன்ஓவர்

சுஜாதாவுக்கு மட்டமாகத் தெரியாத பொருள் ஓசூரில் குறைவு. தக்காளி மட்டம், தண்ணீர் மட்டம், ஆட்டோக்காரன் பேசும் மூன்று பாஷையும் மட்டம். பிறந்தது பாரூரில், ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த வீட்டில். கிருஷ்ணகிரிக்கு பி.காம். படிக்கப் போன காலத்திலேயே, பக்கத்தில் உட்கார்ந்தவளின் டிபன் டப்பாவைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கற்றுக்கொண்டாள். பட்டம் வாங்கினாளோ இல்லையோ, அந்தச் சுளிப்பு மட்டும் முகத்தோடு தங்கிவிட்டது.

ஜவளகிரிப் பக்கத்திலிருந்து மணிக்குப் பெண் கேட்டு வந்தபோது, "அங்க என்னா இருக்குது?" என்று தரகரிடம் கேட்டாளாம்.

"காடு இருக்குதும்மா. நல்ல காடு."

"அப்ப யானைக்குப் பொண்ணு பாருங்க."

அப்படியும் கல்யாணம் நடந்தது. காரணம், மாப்பிள்ளை காட்டில் இல்லை. ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தான். நான்கு சி.என்.சி. மிஷின். பெரிய கம்பெனி கொடுக்கும் இரும்புத் துண்டைக் கடைந்து திருப்பிக் கொடுக்கிற வேலை. "இண்டஸ்ட்ரி வச்சிருக்காரு" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். போய்ப் பார்த்தால் தகரக் கூரை, உள்ளே எண்ணெய் வாசனை. அன்றைக்கே, கட்டியவனையும் மட்டமானவற்றின் வரிசையில் சேர்த்துக்கொண்டாள். இந்த வருடம் ஆர்டர் குறைந்து இரண்டு மிஷின்கள் தார்ப்பாய்க்குள் போனபோது, அவளுக்குக் கவலை வந்ததைவிட, தான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதியே அதிகமாக வந்தது.

அவளுக்குத் தீராத குறை ஒன்று இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை "சி.என்.சி. மணி வீட்டம்மா"தான். அந்தப் பெயரை உரித்து எறிய வேண்டும். ஒரு அட்டைப் பெட்டி, அதன்மேல் பொன்னெழுத்தில் 'சுஜாதா'. கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது.

அதற்காகத்தான் பெங்களூருக்குப் போய், கேக்கும் ரொட்டியும் சுடக் கற்றுத்தரும் பேக்கிங் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே கற்றுக்கொண்டதில் அவளுக்கு உயிரானது ஆப்பிள் டர்ன்ஓவர். மைதா மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, குளிரவிட்டு, மறுபடி மடித்துத் தேய்த்து, சதுரமாக வெட்டி, நடுவில் வேகவைத்த ஆப்பிளும் பட்டைத் தூளும் வைத்து, முக்கோணமாக மூடி ஓவனில் வைக்க வேண்டும். வெந்து வரும்போது ஏடு ஏடாக விரிந்து நிற்கும்.

"ஆப்பிள் எதுக்கு? நம்ம பக்கம் மாம்பழம் லாரி லாரியாப் போவுதே," என்றான் மணி.

"அது லாரிக்குத்தான் லாயக்கு."

இத்தனை பாடும் ஒரே ஒருத்தியை நம்பித்தான். டி பிளாக் சௌமியா. பெண்கள் ஹாஸ்டலில் தங்கிக் கூட்டம் கூட்டமாக வேலை செய்யும் ஒரு பெரிய ஃபாக்டரியில் எச்.ஆர். மேனேஜர். கம்பெனியின் குடும்ப விழாவுக்குப் பலகாரம் யாரிடம் எடுப்பது என்று முடிவு செய்கிறவள். லிஃப்டில் மடக்கிப் பிடித்துச் சுஜாதா கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழம வரேன். ருசி பாத்துட்டுச் சொல்றேன்," என்றிருந்தாள். சுஜாதா இந்த ஊரில் மட்டம் தட்டாத ஒரே பெண் அவள்தான்.

ஒருத்தி மட்டும் வந்து தின்றுவிட்டுப் போனால் எடுபடுமா? சுற்றி நாலு பேர் நின்று "ஆகா" என்று சொன்னால்தானே சௌமியாவுக்கும் உறைக்கும்? எனவே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: "ஞாயிறு மாலை எங்கள் இல்லத்தில் டர்ன்ஓவர் கொண்டாட்டம். குடும்பத்துடன் வருக."

ஓசூரில் டர்ன்ஓவர் என்றால் ஒரு கம்பெனியின் வருட வியாபாரம். டீக்கடையில் பன் தின்கிறவனுக்கும் அது தெரியும். இத்தனை கோடி டர்ன்ஓவர் தாண்டினோம் என்று கம்பெனிகள் கேக் வெட்டுகிற ஊர் இது. இங்கே நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் தின்கிற பண்டம் என்று நினைக்க, வகுப்புக்குப் பெங்களூர் வரை போய்வந்த ஒருத்தியால்தான் முடியும்.

ஞாயிறு மாலை காலிங் பெல் அடித்தது. வாசலில் குடியிருப்புச் சங்கத் தலைவர் கங்கப்பன், கையில் சால்வையோடு. அவருக்குப் பின்னால், அவர் சொல்லியனுப்பி வந்த மணியின் பட்டறை ஆட்கள், ஜிகினாத் தாள் சுற்றிய பூங்கொத்தோடு. அதற்கும் பின்னால், இதுவரை மணியை லிஃப்டில் பார்த்தால் செல்போனைப் பார்த்துக்கொண்ட கணவன்மார்கள்.

"என்னா மணி, ஒரு வார்த்த சொல்லல! எத்தினி கோடி தாண்டுச்சு?"

மணி குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவன். விழித்தான். அதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது. அப்போதே அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெறும் பனியனுக்கு மேல் சரிகைச் சால்வை மின்ன, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்," என்றான். மனிதனுக்குக் கூச்சம் என்று ஒன்று உண்டு என்பார்கள்; அதை அவன் குளியலறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அண்ணா, அப்ப போனஸ் உண்டுதானே?" என்றான் பட்டறை ஆள் ஒருவன்.

"பாக்கலாம்டா, பாக்கலாம்."

சுஜாதா தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"பலகாரம் நல்லாருக்குதே, எந்தக் கடையில சொன்னீங்க?"

"பட்ட போட்டிருக்காங்கப்பா. பிரியாணி வாசன வருது."

ஜவளகிரியிலிருந்து வந்திருந்த மாமியார் சென்னம்மாள் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "ஏனம்மா, இது நம்ம கர்ஜிக்காய்தானே? தேங்காப் பூரணத்துக்குப் பதிலா வேற என்னமோ வச்சிருக்குது. எண்ணெயில போடாம காய வச்சிட்டாங்க போல," என்றாள். அவ்வளவுதான். அறை முழுக்கக் கர்ஜிக்காய் என்ற பெயர் பரவிவிட்டது. "இன்னொரு கர்ஜிக்காய் எடுங்க சார்," என்று ஆளுக்கு ஆள் உபசாரம். ஏடு ஏடாக விரிந்த அவளுடைய உழைப்பு, தீபாவளிக்கு எண்ணெயில் பொரிக்கிற சோமாசியாகிப் போனது.

அந்த நேரம் பார்த்து சௌமியா உள்ளே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், சால்வையைப் பார்த்தாள். "வாழ்த்துகள் மணி சார். டர்ன்ஓவர் கொண்டாட்டம்னு போட்டிருந்தீங்களே, இதுதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன்," என்று சொல்லி, ஒன்றை எடுத்துக் கடித்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

சுஜாதா மணியைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். வேண்டாம் என்பதுபோலத் தலையை மெதுவாக ஆட்டினான். இப்போது பேசினால் அவன் மானம் போகும். பேசாவிட்டால் அவளுடைய பொன்னெழுத்துப் பெட்டி போகும். அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், நில்லுங்க! டர்ன்ஓவர் உங்க கையில இருக்குது. அந்தப் பலகாரத்தோட பேருதான் அது. நான் செஞ்சது. இவரு பட்டறையில தாண்டறதுக்கு ஒண்ணுமில்ல. பாதி மிஷினு தார்ப்பாய் போத்திக்கிட்டுத் தூங்குது."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. பட்டறை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்கப்பன் ஏப்பத்தை அடக்கினார்.

சௌமியா மட்டும் இன்னொரு கடி கடித்தாள். "நீங்களே செஞ்சதா? நல்லா வந்திருக்கு. எடுத்துக்கறேன். ஆனா பேர மாத்திடுங்க."

"ஏன் மேடம்?"

"எங்க டிபார்ட்மென்ட்ல டர்ன்ஓவர்னா ஆளுங்க வேலைய விட்டுட்டு ஓடறது. அதுக்காக நான் மாசாமாசம் திட்டு வாங்கறேன். அதையே பெட்டியில அச்சடிச்சு ஹாஸ்டல் பொண்ணுங்க கையில குடுக்கச் சொல்றீங்களா? கர்ஜிக்காய்னே போடுங்க. அம்மா சொன்னது அழகா இருக்கு."

சுஜாதாவின் மூக்கு பழக்கத்தில் ஒரு தரம் சுளித்தது. அடுத்த நொடி, "சரிங்க மேடம். 'சுஜாதா கர்ஜிக்காய்'. நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

கூட்டம் கலைய அதிக நேரமாகவில்லை. பட்டறை ஆட்கள் போகும்போது பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மணி சோபாவில் சால்வையோடு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரு முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியேடி."

"வாங்கற அளவுக்கு எங்க வச்சிருந்தீங்க? சால்வைய மடிச்சுக் குடுங்க. தலைவர் லிஃப்ட்டுகிட்ட நிக்கறாரு."

மணி எழுந்து மடித்தான். வெளியிலிருந்து கங்கப்பனின் குரல் கேட்டது:

"அவசரமில்ல மணி! நாளைக்கி ஒரு ரிடையர்மென்ட் ஃபங்ஷன் இருக்குது. அதுக்குள்ள குடுத்தாப் போதும். கர்ஜிக்கா எண்ணெ மட்டும் படாமப் பாத்துக்கோ!"

"அது எண்ணெயில்ல, வெண்ணெய்!" என்று கத்தினாள் சுஜாதா.