பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு வால்வு

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்ததும் என் காது போனதும் ஏறக்குறைய ஒரே சமயம். புரியாத பாஷையில் சாமியார் பாடிய காலமெல்லாம் ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழுந்தது. புரிகிற பாஷைக்கு மாறியபோது எனக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஆண்டவருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. குறையாகச் சொல்லவில்லை.

துறைமுகத்தில் எனக்குக் கப்பலில் துரு தட்டுகிற வேலை. இரும்புத் தொட்டிக்குள் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு சுத்தியலால் சுவரைத் தட்டினால் எப்படி இருக்கும்? கோவில் மணிக்குள் குடித்தனம் வைத்த மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருஷம் தட்டினேன். துரு போனது, காதும் போனது. முழுச் செவிடு இல்லை. கிட்டே வந்து கத்தினால் கேட்கும். இதில் பெரிய தொந்தரவு, நான் பேசுவதே எனக்குச் சரியாகக் கேட்காது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ராயபுரத்துக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிரியாணி விவகாரம் அப்படி வந்ததுதான்.

வண்ணாரப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் எனக்கு ரொம்ப நாள் தோஸ்து. அவர் தங்கச்சிக்கு ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது. பாய்க்கும் அது தெரியும். எனக்கென்று தனியாக சாதமும் பருப்பும் வைத்திருந்தார். நான்தான் பிரியாணி தேக்சா மூடியைத் திறந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். கோவில் ஓரத்தில் இருக்கிற மரக் கூண்டுக்குள், நாங்கள் தொட்டி என்போம், சாமியார் உட்கார்ந்திருப்பார். வெளியே முழங்கால் போட்டு, சல்லடைப் பலகையில் வாயை வைத்து, நம் பாவத்தை அவர் காதுக்கு மட்டும் சொல்லவேண்டும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"சாமி, வெள்ளிக்கெயமல பிரியாணி துன்ட்டேன் சாமி."

அவர் ஏதோ கேட்டார். "இன்னா சாமி?" என்றேன். அவரும் சத்தத்தைக் கூட்டினார்.

"எத்தனை தடவைப்பா?"

"ஒரே தபாதான் சாமி. ஆனா ரெண்டு தட்டு!"

எழுந்து திரும்பினால், வரிசையில் நின்ற இருபது பேரும் கோவில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் என் பெயர் ரெண்டு தட்டு. குழாயடியில், மீன் மார்க்கெட்டில், துறைமுகத்து கேட்டில், எங்கேயும். "இன்னா நைனா, இன்னிக்கி வெள்ளிக்கெயம, ரெண்டு தட்டு ரெடியா?" என்பார்கள். செவிடனுக்குக் கேட்க வேண்டுமே என்று கிட்டே வந்து, காதைப் பிடித்து, சிரத்தையாகக் கத்துவார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஜனத்துக்கு நல்ல மனசு.

பிரியாணி கேலியை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் மனுஷனுக்குப் பாவம் பிரியாணியோடு நிற்குமா? வேறு சிலதும் உண்டு. அதை நினைத்தாலே உடம்பு கூசியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதையே விட்டேன். அது இல்லாமல், பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, நற்கருணையை, வாங்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்திலாவது, வாங்கியே ஆகவேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. அந்தப் பாஸ்குவுக்கு என் வீட்டுக்காரி மட்டும் எழுந்து போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறந்துபோய் விட்டது இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாமியார் நல்ல மனுஷர். "வாயால சொல்ல வேண்டாம், எழுதிக்கிட்டு வா" என்று யோசனை சொன்னார். எட்டாவது வரை படித்த கையெழுத்தில் ஒவ்வொன்றாக எழுதி, சட்டைப் பையில் வைத்து, மறந்துவிட்டேன். துணி துவைக்கும்போது அவள் கையில் சிக்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாய்யா இது? மளிக லிஸ்டுன்னு நென்ச்சிக் கடக்காரன் கையில குட்த்தேன். அவன் பட்ச்சிட்டு, இது எங்கட்ட கெடைக்காதும்மான்றான்!"

அதோடு எழுதுகிற யோசனையும் போனது.

அடுத்த வருஷம் பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம் வந்தபோது விஷயம் பாய் காதுக்கு எட்டியது. கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, என் காதோரம் வந்து கத்தினார். "இன்னா மாமு, என் வூட்டு பிரியாணியாலயா உனுக்கு இம்மாம் பேஜாரு? எனுக்கு ஒயுங்கா சொல்லக்கூடாது? நான் பண்ணித் தரேன் மெசினு!"

காதில் செருகுகிற சின்ன மெஷின் பெரிய கடைகளில் இருந்தது. அது என் போன்றவன் வாங்குகிற சாமான் இல்லை. பாய் ஒரு பழைய பேட்டரி ரேடியோவைப் பிரித்தார். அதில் இருந்த சின்னச் சின்னக் கண்ணாடி வால்வு ரெண்டை எடுத்து, பிஸ்கட் டப்பா அளவு மரப்பெட்டியில் பூட்டினார். டெலிபோனில் வாய் வைத்துப் பேசுகிற பாகம் ஒன்று மைக். காதுக்கு, பட்டாளத்துப் பழைய சாமானில் வந்த கறுப்பு ஹெட்போன். மாட்டினால் ரெண்டு பக்கமும் இட்லித் தட்டை அமுக்கின மாதிரி இருக்கும். மைக்கில் வருகிற சத்தத்தை முதல் வால்வு பெருக்கும், ரெண்டாவது வால்வு ஹெட்போனுக்குத் தள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

வீட்டில் மாட்டிப் பார்த்தேன். வேர்க்கடலை வறுக்கிற சட்டிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே சலசலப்பு. அதற்கு நடுவே என் வீட்டுக்காரி பேசினாள்.

"இன்னாமே, உன் கொரலு காக்கா கணக்கா கீது?" என்றேன்.

அவள் அதற்குச் சொன்ன பதிலை எழுதமாட்டேன். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

இருந்தாலும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அதை மஞ்சள் பையில் வைத்துக் கோவிலுக்கு எடுத்துப் போனேன். முழங்கால் போட்டு, மைக்கைச் சல்லடையில் தொங்கவிட்டு, சாமியார் பேசுவது புரியவில்லையே என்று சத்தம் கூட்டுகிற திருகைக் கடைசி வரை திருப்பினேன். பெட்டி பலகையில் இடித்தது. டங்கென்று உள்ளே மணி அடித்தது. அது அடங்காமல் வளர்ந்து வளர்ந்து கூவென்று ஊளையாக மாறியது. பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தேன். இன்னும் மோசம். காசிமேட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு விசில். சாமியார் தொட்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். வரிசையிலிருந்து ஒருத்தர், "ரெண்டு தட்டு, எந்த ஸ்டேஷன் வெச்சிகிற?" என்றார். அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

பாஸ்குவுக்கு இன்னும் ஒரு வாரம். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்து, "இந்த வருசமும் நான் தனியாத்தானா?" என்று மட்டும் கேட்டாள். கத்தித்தான் கேட்டாள், வேறு வழியில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து நேரே பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பென்சிலால் முதல் வால்வை லேசாகத் தட்டினார். ஹெட்போனில் டங்கென்றது.

"இதான் கய்தே. கெழடு தட்டிப் போச்சி, உள்ள கம்பி ஆடுது. ஹெட்போன் சத்தத்துல இது ஆடுது, இது ஆடற ஆட்டத்துல திருப்பியும் சத்தம் வருது. மெசினு மேல தப்பு இல்ல மாமு, மொத வால்வ மாத்துனா போதும்."

ஒரு தகர டிரேயில் அதே ஜாதி வால்வு ஏழெட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பெட்டியில் குத்தி, பென்சிலால் தட்டி, பிறகு கடைக் கோடிக்குப் போய், நான் உதட்டைப் படித்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஏதாவது சொல்வார். நான் திருப்பிச் சொல்லவேண்டும். அதுதான் பரீட்சை.

டிரேயிலிருந்து முதலில் குத்தினதில் ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டாவதில், "ஏதோ கஞ்சின்னியே?" என்றேன்.

"கஞ்சன்னேன்! நீ ஒரு கஞ்சன்னேன்! அட்த்தது."

மூன்றாவதில் சலசலப்பு பாதியானது, ஆனால் அவர் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. நாலாவது குத்தினவுடன் செத்தது. ஐந்தாவதில் என் மூக்கைப் பற்றி அவர் சொன்னது முழுசாகக் கேட்டது. ஆனால் பென்சிலால் தட்டினால் இன்னும் மணி அடித்தது. மிச்சம் இருந்ததெல்லாம் குப்பை.

பாய் கொஞ்ச நேரம் தாடியைச் சொரிந்தார். பிறகு எழுந்து போய், தன் கடையில் எப்போதும் பாடிக்கொண்டிருக்கிற சொந்த ரேடியோவை நிறுத்தி, பின்பலகையைக் கழற்றி, அதிலிருந்து ஒரு வால்வைப் பிடுங்கினார். புதுசு, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் கால்களை உப்புத்தாளால் தேய்த்தார். சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி, அது ஆடாமல் இருக்க இடுப்பில் மாட்டினார்.

"பாய், கிரிக்கெட்டு கமெண்ட்ரி கேக்க இன்னா பண்ணுவே?"

"அவனுங்க எப்டியும் தோத்துக்கினுதான் இருப்பானுங்க. மாட்டு."

மாட்டினேன். முதலில் மெஷின் வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன், அவ்வளவு அமைதி. பிறகு ஒரு டிக், டிக். அது என்னவென்று தேடினேன். சுவர்க் கடிகாரம். அந்தக் கடைக்கு எத்தனையோ வருஷமாகப் போகிறேன். அதற்குச் சத்தம் உண்டு என்பது மறந்தே போயிருந்தது. வெளியே ரிக்ஷா மணி. பாய் தட்டின பென்சில், வெறும் டொக்கென்று பென்சிலாகவே கேட்டது. திருகை கால்வாசிகூடத் திருப்பவில்லை.

பாய் கடைக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். இந்தத் தடவை திட்டவில்லை. ரொம்பத் தணிந்த குரலில், "யா அல்லா, இந்த ஆளு அவன் வயில கேட்டாலும் உன்னாண்டதான் கேக்கறான், பாத்து செய்யி" என்றார்.

"நான் ஆமென் சொல்லவா, ஆமீன் சொல்லவா பாய்?" என்றேன்.

"கேட்டுச்சா? அப்ப எட்த்துக்கினு கெளம்பு, கட சாத்தணும்."

பாஸ்குவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரியோடு கோவிலுக்குப் போனேன். சாமியார் முன்கூட்டியே பெட்டியைப் பார்த்து, "இன்னைக்கும் விசில் அடிக்குமா?" என்று சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனார். முழங்கால் போட்டு, ஹெட்போனை மாட்டி, "சாமி, என்னை ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்தேன்.

தூக்கிவாரிப் போட்டது. யாரோ தெருச்சண்டைக்கு வந்த மாதிரி ஒரு முரட்டுக் குரல். சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அது நான்தான்.

அப்படியே குரலை இறக்கினேன். இன்னும் இறக்கினேன். பாவங்களை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் சல்லடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இதமான, கொஞ்சம் களைத்த குரல் வந்தது.

"கேக்கலியேப்பா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

காது போனதிலிருந்து இந்த உலகத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். முடித்தபிறகு, மனசில் எழுதிக்கொண்டு வராத ஒன்றும் வாயில் வந்தது.

"சாமி, ஆரம்பிச்சப்ப வந்துச்சே அந்த மொரட்டு கொரலு, வூட்ல அதுலதான் பேசிகினு இருந்திருக்கேன் சாமி. எத்தினி வருசமோ. இப்பதான் தெரியுது."

"அது காது பண்றதுப்பா. தெரியாம செஞ்சது பாவம் ஆகாது."

"இப்ப தெரிஞ்சிபோச்சே சாமி."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப இனிமே பாத்துக்க" என்றார். பாவத்துக்கு அபராதமாக மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்று என்று அவர் விரல் காட்டவில்லை. காதால் கேட்டேன்.

வெளியே வந்தால் வீட்டுக்காரி கடைசி பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மைக்கை அவள் பக்கம் பிடித்து, மெதுவாகக் கேட்டேன்.

"நான் பேசனது கேட்டுச்சா?"

அவள் என் காதுப் பக்கம் குனிந்து கத்த வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டினேன். சும்மா பேசு என்று.

"ஒன்னியும் கேக்கல," என்றாள், கோவிலில் பேசுகிற குரலில். "எம்மா நேரம் பண்ணிகினே! வரிசையில ரெண்டு பேரு எய்ந்து வூட்டுக்குப் பூட்டாங்க. அப்டி இன்னாத்த சொன்னே?"

காக்கா குரல் இல்லை. லேசாகக் கம்மியிருந்தது, எனக்காகக் கத்திக் கத்தி இருக்கலாம். இன்னும் ஏதாவது பேசட்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் தெருவில் யாருக்குக் காய்ச்சல், நாளைக்கு என்ன சமையல், என் சட்டைக் காலர் எப்படி அழுக்கு என்று பேசிக்கொண்டே போனாள். அபராதத்தை அப்புறம்தான் சொன்னேன்.

பாஸ்கு ஞாயிறு காலைப் பூசையில் நற்கருணை நேரம் வந்தது. அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். சாமியார் முதலில் அவளுக்குக் கொடுத்தார், பிறகு என் முன்னால் வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.