பாபின் கேஸுக்குள் ஒரு மலை

“…வெடிப்பு தெரியணும் தம்பி. அது தெரியலன்னா படம் எடுத்து இன்னா பிரயோஜனம்? கடக்காரன் என் வாய நம்ப மாட்டேன்றான்” என்று சொல்லிக்கொண்டே தையல்கார அக்கா ஒரு பாபின் கேஸை என் மேஜையில் வைத்தார்.

தையல் மெஷினின் கீழ்நூலைப் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புக் கிண்ணம் அது. திண்டிவனத்தில் புதிதாக வாங்கியது. மாட்டியதிலிருந்து நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. வெடிப்பைப் படம் பிடித்து அனுப்பினால் இன்றைக்கே பஸ்ஸில் வேறொன்று கொடுத்தனுப்புவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மேல்சித்தாமூர் கல்யாணப் பெண்ணின் அரக்குப் பட்டு ரவிக்கை பாதியில் நிற்கிறது. நாளைக் காலையில் முகூர்த்தம்.

நான் கல்யாணமும் காதுகுத்தும் எடுப்பவன். கம்மலை நெருங்கி எடுத்ததைத் தாண்டி எனக்குப் பழக்கமில்லை. முதலில் செல்போனில் மாட்டும் குட்டி லென்ஸைப் போட்டேன். ஓரமெல்லாம் வளைந்தது. கல்யாண ஜூம் லென்ஸோ இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸே ஆகவில்லை. கடைசியில் ஐம்பது எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு வெற்றுக் குழாயைச் சேர்த்து, ஸ்டாண்டில் நிறுத்தினேன். இப்போது ஃபோகஸ் விழுந்தது. ஆனால் ஃப்ளாஷ் அடித்தால் இரும்பு வெறும் வெள்ளையாகப் பளீரிட்டது.

“வெளிச்சத்த மறைக்க மெல்லிசா ஏதாவது வேணும்க்கா.”

பையிலிருந்து வெள்ளை லைனிங் துணியை எடுத்து ஃப்ளாஷ் முன்னால் பிடித்தார். “என் கல்யாணத்துலயும் இதப் புடிச்சிருந்தா, ஆல்பத்துல மூஞ்சி ஒழுங்கா வந்துருக்கும்” என்றார். அந்தக் கல்யாணத்தை எடுத்தவன் நான்தான். குனிந்து படத்தை எடுத்தேன்.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். கண்ணாடி போல வழவழவென்றிருந்த இரும்பு, திரையில் ராஜகிரிக் கோட்டை மலைப் பாறை மாதிரி கீறலும் பள்ளமுமாகக் கிடந்தது. வெடிப்பு எங்கேயும் இல்லை. நூலை அழுத்திப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் மட்டும், காய்ந்த சேறு போல ஏதோ கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. ஒவ்வொரு கட்டியின் முனையும் கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் உரசினால் எந்த நூலும் அறுந்துதான் போகும். அரக்கு நூல் என்பதால் அதில் ஒட்டிய கறையும் கண்ணில் படவில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் கேமராவின் நெற்றியிலும் போன ஆயுத பூஜைப் பொட்டு அப்படியே இருந்தது.

அக்கா திரைக்குக் கிட்டே வந்து, விரலை அந்தச் சிவப்பின் மேல் வைத்தார்.

“இது நான் வச்சதாச்சே” என்றார் மெதுவாக. “புதுப் பொருளாச்சேன்னு சந்தனம் கொழச்சி, குங்குமம் வச்சி மாட்டுனேன்.”

“கடைக்காரருக்கு என்னக்கா சொல்லப் போறீங்க?”

“காலைலயே வாய்க்கு வந்தத வாய்ஸ் மெசேஜா அனுப்பிட்டேன். டூப்ளிகேட் விக்கிறவன்னு திட்டிட்டேன் தம்பி.”

என்னுடைய சின்ன ஸ்க்ரூடிரைவரை வாங்கி ஸ்பிரிங்கைக் கழற்றினார். முந்தானை நுனியை நனைத்துத் துடைத்து, திரும்ப மாட்டினார். பையிலிருந்த அரக்கு நூலைக் கோத்து இழுத்தார். அறுபடாமல் கை நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு செல்போனை எடுத்தார். திட்டிய மெசேஜில் நீல டிக் விழுந்திருந்தது. மைக்கை அழுத்தி, “தம்பி, உன் பொருள் நல்ல பொருள்தான்” என்று ஆரம்பித்தார்.